750 கிலோமீட்டர் பயம்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பப் போகிறது என்றால் முதலில் ஏழுமலையானுக்குத்தான் தகவல். இஸ்ரோ அதிகாரிகள் ராக்கெட்டின் சின்ன மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு திருமலைக்கு வருவார்கள். சன்னிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கேமராக்கள் காத்திருக்கும். சூலூர்ப்பேட்டை செங்காளம்மா கோயிலுக்கும் ஒரு நடை உண்டு. அதற்கு முன்பே விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அறிவிப்பு போயிருக்கும்: இந்த நாளில், இந்த நேரத்தில், வங்கக் கடலின் இந்தக் கட்டத்துக்குள் வராதீர்கள். பழவேற்காடு மீனவர்களுக்கும் அன்றைக்கு அந்தப் பக்கம் போகத் தடை. 2019 முதல் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க காலரி இருக்கிறது. வர முடியாதவர்களுக்கு யூடியூப் நேரலை.

இவ்வளவு பகிரங்கமாக நடக்கும் காரியத்தில் ஒட்டுக்கேட்க என்ன மிச்சம்? இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலேயே 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒரு வாரம் பதறின. பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து அந்த ஏப்ரலில்தான் திருப்பதி மாவட்டம் உருவாகியிருந்தது. ஸ்ரீஹரிகோட்டா அதற்குள் வந்து நாலே மாதம். சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வரப்போகிறது என்று செய்தி வந்தது. கோத்தபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தியா கவலை தெரிவித்தது. கொழும்பு முதலில் வரவைத் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு சம்மதித்தது. ஆகஸ்ட் 16 அன்று கப்பல் வந்தது, 22 அன்று போனது.

அந்த ஆறு நாளும் செய்திகளில் ஓடிய எண் 750. கப்பலின் கண் 750 கிலோமீட்டர் எட்டும். கூடங்குளம், கல்பாக்கம், ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் அதன் பார்வைக்குள் என்றார்கள். வரைபடத்தில் அம்பாந்தோட்டையை நடுவில் வைத்துச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள்.

வட்டத்தை நாமே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். அம்பாந்தோட்டை ஏறக்குறைய 6.1 டிகிரி வட அட்சம், ஸ்ரீஹரிகோட்டா 13.7. இடைவெளி சுமார் 845 கிலோமீட்டர். ஆக அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே நம்பினாலும் ஸ்ரீஹரிகோட்டா வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சுமார் 720 கிலோமீட்டரில் இருக்கும் கல்பாக்கம் உள்ளே வருகிறது. ஆனால் பூமி உருண்டை. ரேடார் அலை ஏறக்குறைய நேராகப் போவது. அத்தனை தூரத்தில் ஒரு பொருள் கப்பலுக்குத் தெரிய வேண்டுமானால் அது தரையிலிருந்து 30, 40 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். கல்பாக்கம் உலையின் கூரை அவ்வளவு உயரமில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட் தெரியும்தான், ஆனால் 40 முதல் 55 கிலோமீட்டர் உயரம் ஏறிய பிறகு. துறைமுகத்துக்கு வடக்கே 2,500 மீட்டர் வரை எழும் இலங்கையின் மத்திய மலைகள் குறுக்கே நிற்பதைச் சேர்த்தால் அந்த உயரம் இன்னும் கூடும்.

அதனால் அது சுற்றுலாக் கப்பல் என்று நான் சொல்லவில்லை. 2007இல் சேவைக்கு வந்த, 222 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலை அப்போது நடத்தியது சீன ராணுவத்தின் ஒரு பிரிவு. மேல்தளத்தில் இருக்கும் பெரிய தட்டு ஆன்டெனாக்களின் வேலை ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் பின்தொடர்வது. சொந்த ராக்கெட்டைப் பின்தொடரத் தெரிந்த ஆன்டெனாவுக்கு அடுத்தவர் ஏவுகணையைப் பின்தொடரவும் தெரியும். பறக்கும் ஏவுகணை தரைக்கு இடைவிடாமல் அளவுகளை அனுப்பிக்கொண்டே போகும். எந்தக் கட்டம் எத்தனை விநாடி எரிந்தது, எப்போது கழன்றது, எவ்வளவு வேகம் கூடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். எதிரி நாட்டுப் பொறியாளருக்கு அது பொக்கிஷம். ஆனால் அதைப் பிடிக்கத் துறைமுகம் தேவையில்லை. சர்வதேசக் கடலில், ஏவுகணை போகும் பாதைக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும். துறைமுகம் டீசலுக்கும் காய்கறிக்கும்.

அதுதான் நடந்தது. 2022 நவம்பரில் இந்தியா வங்கக் கடலில் ஏவுகணைச் சோதனைக்கான எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டிருந்த நேரத்தில் யுவான் வாங் 6 இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. எந்தத் துறைமுகத்துக்கும் அது வரவில்லை. அதனால் இங்கே சிவப்பு வட்டமும் இல்லை. அம்பாந்தோட்டைக்குக் கிடைத்த பரபரப்பில் கால்வாசிகூட அதற்குக் கிடைக்கவில்லை. கவலைப்பட வேண்டிய கப்பல் உண்மையில் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே ரகக் கப்பல் நம்மிடமும் இருக்கிறது. விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டில் கட்டி 2021 செப்டம்பரில் கடற்படையில் சேர்த்த ஐ.என்.எஸ். துருவ், 175 மீட்டர் நீளம். இஸ்ரோ தன் ராக்கெட்டுகளைப் பின்தொடர புருனேயிலும் இந்தோனேசியாவின் பியாக் தீவிலும் மொரீஷியஸிலும் நிலையங்கள் வைத்திருக்கிறது. வெளிநாட்டு மண்ணில் அவ்வளவு இடம் கிடைக்காத சீனா எழுபதுகளிலேயே கப்பல் கட்ட ஆரம்பித்தது. நம்முடையது கண்காணிப்பு, அவர்களுடையது வேவு என்று நாம் எழுதுகிறோம். அங்கே தலைகீழாக எழுதுகிறார்கள்.

கொக்கோ தீவின் கதை

ஸ்ரீஹரிகோட்டாவைச் சீனா உற்றுப் பார்க்கிறது என்ற பேச்சு கப்பலோடு தொடங்கியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதன் பெயர் கொக்கோ தீவு. அந்தமானின் வடமுனைக்கு மேலே, ஐம்பது கிலோமீட்டர் அளவில், மியான்மருக்குச் சொந்தமான சின்னத் தீவுக்கூட்டம். அங்கே சீனா ஒட்டுக்கேட்பு நிலையம் வைத்திருக்கிறது, ஏவுகணைச் சோதனை நடக்கும் சண்டிப்பூரையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் அங்கிருந்து கேட்கிறார்கள் என்று முதலில் செய்தி, பிறகு ஆய்வுக் கட்டுரை, பிறகு புத்தகங்களின் அடிக்குறிப்பு. ஒருவர் எழுதியதை மற்றவர் மேற்கோள் காட்ட, அவர் எழுதியதை முதலாமவர் மேற்கோள் காட்டினார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸும் 1998இல் இதைப் பேசினார்.

2005இல் கடற்படைத் தளபதி அருண் பிரகாஷ், கொக்கோ தீவில் சீனர்களின் ஒட்டுக்கேட்பு நிலையமோ ரேடாரோ எதுவும் இல்லை என்ற உறுதியான தகவல் தங்களிடம் இருப்பதாகச் சொன்னார். ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ செல்த் இந்த வதந்தி எங்கே பிறந்து எப்படி வளர்ந்தது என்று 2008இல் தனி ஆய்வே எழுதினார். பதினைந்து வருடம் நாம் பயந்தது பெரும்பாலும் அச்சு மையைப் பார்த்து.

அதோடு முடிந்திருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். 2023 மார்ச்சில் லண்டனின் சாத்தம் ஹவுஸ் புதிய செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. பெரிய கொக்கோவில் ஓடுதளம் 2,300 மீட்டருக்கு நீண்டிருந்தது, இரண்டு புது விமானக் கொட்டகைகள் எழுந்திருந்தன, தெற்கே இன்னொரு தீவை இணைக்கப் பாலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருடைய விமானத்துக்கு என்று படம் சொல்லாது. முன்பு பொய்யாகக் கூவியவர்கள் இந்த முறை கூவியபோது கேட்க ஆளில்லை. வதந்தியால் வரும் பெரிய நஷ்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆன்டெனாவைப் பார்த்து உளவு என்று முடிவுகட்டுகிறவர்களை ஒருமுறை திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கிக்கு அனுப்ப வேண்டும். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் அங்கே இருக்கிறது. நூற்று முப்பது மீட்டர் சதுர மைதானத்தில் 1,024 ஆன்டெனாக்கள் பயிர் நட்டது மாதிரி வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்த ரேடார் தலைக்கு மேலே வீசும் காற்றை அளக்கிறது. பருவமழையைப் பற்றி அங்கிருந்து கட்டுரைகள் வருகின்றன. இதே மைதானத்தை இலங்கையின் மாத்தறைக்குப் பக்கத்தில் சீன அறிவியல் அகாதெமி அமைத்து, செயற்கைக்கோள் படம் மட்டும் நம் கைக்குக் கிடைத்தால் என்ன தலைப்பு வைப்போம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

மணல் கதை

அமெரிக்காவில் இதற்கு நிகரான கதை ஒன்று உண்டு. ஒரு கடற்கரை மணலில் ரகசியம் இருக்கிறது. ரஷ்யர்கள் ராத்திரியில் நீர்மூழ்கியில் ஆள் அனுப்பி ஒரு வாளி மணலை அள்ளிப் போவார்கள். அமெரிக்கர்கள் செயற்கைக்கோளில் படம் எடுப்பார்கள். சீனர்கள் ஆயிரம் சுற்றுலாப் பயணிகளை அனுப்பி, ஆளுக்கு ஒரு மணல் துகள் எடுத்து வரச் சொல்வார்கள். எஃப்.பி.ஐ. வட்டாரத்தில் பிறந்த இந்தக் கதை பல வருடம் பாடமாகவே இருந்தது. பீட்டர் மாட்டிஸ் போன்ற ஆய்வாளர்கள் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். சீனாவில் 1983இல் அமைந்த அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் இருக்கிறது, மாகாணம்தோறும் அதற்குக் கிளை இருக்கிறது, சம்பளம் வாங்கும் தொழில்முறை அதிகாரிகள் இருக்கிறார்கள். மணல் கதை அவர்களை மறைத்துவிட்டு, சீன முகம் உள்ள ஒவ்வொரு மாணவனையும் விஞ்ஞானியையும் சந்தேகப் பட்டியலில் ஏற்றியது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் சியென் ஸ்யூசென். 1950இல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்து, ஐந்து வருடம் வீட்டுக்காவல் போல வைத்திருந்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை ஆனார் அவர். அம்பாந்தோட்டைக்கு வந்த கப்பலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அமெரிக்கச் சந்தேகத்தில்தான் கொண்டுபோய் விடும். 1999இல் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வக விஞ்ஞானி வென் ஹோ லீ மீது 59 குற்றச்சாட்டுகள். ஒன்பது மாதம் தனிமைச் சிறை. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைப் பற்றித் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மீது போட்ட 1994 உளவு வழக்கில் சீனா இல்லை. ஆனால் உளவு என்ற வார்த்தை காதில் விழுந்தால் போலீசும் பத்திரிகையும் எப்படி நிதானம் இழக்கின்றன என்பதற்கு நம் வீட்டு உதாரணம் அதுதான். உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு சொல்ல 2018 ஆனது.

நிஜமாக அகப்பட்ட வழக்குகள் வேறு மாதிரி இருக்கின்றன. கெவின் மல்லோரி என்ற முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரியை 2017இல் சீனர்கள் அணுகியது லிங்க்டின் வழியாக. அவருக்குச் சீன வம்சாவளி கிடையாது, கடன் இருந்தது. 20 வருடச் சிறை. ஜியாங்சு மாகாணக் கிளையின் அதிகாரி ஷூ யான்ஜுன், அமெரிக்க விமான எஞ்சின் பொறியாளர் ஒருவரை நான்ஜிங் பல்கலைக்கழகம் ஒன்றில் உரையாற்றக் கூப்பிட்டார். போக்குவரத்துச் செலவு, கையில் கொஞ்சம் பணம், மரியாதை. அதில் தொடங்கி எஞ்சின் விசிறித் தகட்டின் ரகசியம் வரை நகர்த்தப் பார்த்தார். 2018இல் பெல்ஜியத்தில் பிடிபட்டார். அவருக்கும் 20 வருடம். ஐ.ஐ.டி.யும் ஐசரும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் இருக்கும் திருப்பதியில் வெளிநாட்டுக் கருத்தரங்க அழைப்பு வராத நாள் குறைவு. நூற்றில் தொண்ணூற்றொன்பது உண்மையான அழைப்பாகத்தான் இருக்கும். மிச்சம் ஒன்றும் அதே எழுத்துருவில்தான் வரும்.

வாங்குகிறவர் காட்டுக்கு வருவதில்லை

2024 பிப்ரவரியில் ஒரு பொட்டலம் இணையத்தில் வந்து விழுந்தது. ஷாங்காயில் தலைமையகமும் செங்டூவில் அலுவலகமும் வைத்திருந்த ஐ-சூன் என்ற தனியார் நிறுவனத்தின் உள்கடிதங்கள், விலைப்பட்டியல், ஊழியர் அரட்டை எல்லாம் அதில் இருந்தன. கசியவிட்டது யார் என்று வெளியே வரவில்லை. சீன ஹேக்கர்கள் என்றால் இருட்டறையில் ராணுவச் சீருடையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம். சம்பளம் போதவில்லை என்ற புலம்பல், டெண்டர் கைநழுவிய வருத்தம், அதிகாரிகளுக்கு விருந்து வைத்த செலவு. சீனச் சகபாடிகளோடு நம்மூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் உட்கார்ந்தால் மொழி தவிர வேறு சிரமம் இருக்காது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது: குடியேற்றத் துறைத் தரவு, 95.2 ஜிகாபைட்.

2025 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை அந்த நிறுவனத்தார் எட்டுப் பேர் மீதும் சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் இருவர் மீதும் குற்றம் சாட்டியது. அந்த ஆவணத்தின்படி, ஒரு மின்னஞ்சல் பெட்டியை உடைத்துக் கொடுக்க 10,000 முதல் 75,000 டாலர் வரை விலை. வாங்கியவை குறைந்தது 43 அரசுப் பிரிவுகள். சில வேலைகளுக்கு முன்கூட்டியே ஆர்டர் உண்டு. சிலவற்றைத் தாங்களாகவே உடைத்து எடுத்துவிட்டு, யார் வாங்குவார்கள் என்று கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்கள்.

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. சேஷாசலம் மலையின் செம்மரம் எங்கே போகிறது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். சீனாவில் மிங் காலப் பாணி நாற்காலி செய்யும் பட்டறைக்கு. அந்தப் பட்டறைக்காரர் சேஷாசலத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். ஜவ்வாது மலையிலிருந்து கோடரியோடு வருகிறவருக்கு மேஸ்திரியைத் தெரியும், மேஸ்திரிக்கு வண்டிக்காரரைத் தெரியும், வண்டிக்கு முன்னால் பைலட் கார் போகும், கிடங்குக்காரருக்கு ஏஜென்ட்டைத் தெரியும், கன்டெய்னரில் வேறு சரக்கின் பெயர் எழுதி ஏற்றுவார்கள். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியோடு விசாரணை நின்றுவிடும். 2015 ஏப்ரல் 7 அன்று சந்திரகிரிக்கு அருகே ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். மேலே இருந்த ஒருவர்கூட அந்தக் காட்டில் இல்லை.

சீன உளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு சித்திரங்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெய்ஜிங்கில் எல்லாம் தெரிந்த ஒரு மூளை உட்கார்ந்து காய் நகர்த்துகிறது என்பது ஒன்று. ஒவ்வொரு சீனரும் ஒற்றர் என்பது மற்றது. கசிந்த காகிதங்கள் காட்டுவது சந்தையை. மேலே பசி இருக்கிறது. கீழே பிழைப்புக்காகக் கதவு உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் தரகர்கள், தள்ளுபடி விலை, வாராக்கடன். ஒரே மூளையாக இருந்தால் அதை ஊகிக்கலாம். சந்தை எதை எடுக்கும் என்று ஊகிக்க முடியாது, ஏனென்றால் பூட்டாத எந்தக் கதவும் அதற்குச் சரக்கு.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்கார்டெட் ஃப்யூச்சர் நிறுவனம், சீனாவோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் ஒரு ஹேக்கர் குழு இந்திய மின்துறையின் பத்து அமைப்புகளைக் குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமும் பட்டியலில் இருந்தது. 2020 அக்டோபர் மும்பை மின்தடையோடு இதை முடிச்சுப்போட்டு உலகமெங்கும் செய்தி ஓடியது. அந்தத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கையே சொல்லியிருந்தது. மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் நாசவேலை என்றார். மத்திய மின்துறை அமைச்சர் மனிதத் தவறு என்றார். பரபரப்பான பாதி மட்டும் ஊருக்குள் தங்கியது.

கூடங்குளம் இன்னும் நல்ல பாடம். 2019 அக்டோபரில் அணுமின் கழகத்தின் கணினியில் தீநிரல் என்ற தகவல் வெளியானதும் நிலையம் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தது. மறுநாளே கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியில் இருந்தது, உலைக் கட்டுப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீனாதான் என்று டீக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது. நிரலை ஆராய்ந்தவர்களோ வட கொரியாவின் லாசரஸ் குழுவைக் கைகாட்டினார்கள். 2022இல் அம்பாந்தோட்டை வரைபடத்தில் முதல் பெயராகக் கூடங்குளத்தை எழுதிய எத்தனை பேருக்கு இது நினைவிருந்தது என்று தெரியவில்லை.

இதே திருப்பதி மாவட்டத்தில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், ஸ்ரீசிட்டி இருக்கிறது. 2014இல் ஷாவ்மி போன்கள் சீனாவுக்குத் தகவல் அனுப்புகின்றன என்று விமானப்படை தன் ஆட்களை எச்சரித்தது. 2015இல் அதே ஷாவ்மி போன்களை ஸ்ரீசிட்டியில் தைவானின் ஃபாக்ஸ்கான் தயாரிக்கத் தொடங்கியது. கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தார்கள். போன்கள் கையிலேயே இருந்தன. அதே போனில்தான் சீனக் கப்பல் செய்தியைப் பலர் படித்தார்கள்.

அடுத்த சுற்று குலசேகரன்பட்டினத்தில் வரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து கிளம்பினால் நேராகத் தெற்கே போகலாம். சின்ன ராக்கெட்டுகளுக்காக அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அன்றைய நாளிதழ் விளம்பரத்தில் தமிழக அமைச்சர் ஒருவர் சார்பாக வெளியான ராக்கெட் படத்தில் சீனக் கொடி இருந்தது; பெரிய ரகளை ஆனது, வடிவமைப்பாளரின் தவறு என்று விளக்கம் வந்தது. அவர்கள் ராக்கெட்டைப் பின்தொடர்கிறார்கள் என்று நாம் அலறிய ஒன்றரை வருடத்தில் அவர்கள் கொடியை நாமே ராக்கெட்டில் ஒட்டினோம்.

அம்பாந்தோட்டைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடைவெளி சுமார் 420 கிலோமீட்டர். குறுக்கே இருக்கும் மலைகள் கொஞ்சம் மறைத்தாலும், ராக்கெட் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரம் தாண்டியதும், அதாவது கிளம்பி ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கே தெரிய ஆரம்பித்துவிடும். அன்றைக்கு யாராவது வரைபடத்தில் 750 கிலோமீட்டருக்குச் சிவப்பு வட்டம் போட்டால், ஏவுதளம் அதற்குள்தான் இருக்கும்.